நாத்தங்கால்லேயே அறுக்கப் பார்க்கறியா, மாப்ளே?

மாப்ளே, நீ கொடுத்துட்டுப் போன பைலை ஒங்க அத்தை கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிட்டு முழுசாப் படிச்சிட்டேன். 'வாலிபர் ஆவிக்குரிய வளர்ச்சித் திட்டம்.' பன்னெண்டு வாரம், பன்னெண்டு தலைப்பு, தலைப்புக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு டிக்கு. பன்னெண்டு டிக்கும் வாங்கினவனுக்கு சபை ஐயர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டு. முப்பது வருஷம் பேங்குல தவணை வசூல் பண்ணின கை சும்மா கெடக்குமா? எட்டாவது வாரம் 'தாழ்மை'ன்னு போட்டிருக்கே, அதுக்கு யாரு டிக் அடிப்பா? டிக் வாங்கினவன் சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு நடு வீட்டுல மாட்டுவானே, அப்ப அந்த டிக்கை அழிச்சிடுவியா?

கோவிச்சுக்காதே. ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்து பொட்டியைக்கூடப் பிரிக்கல, அதுக்குள்ள வாலிபர் ஐக்கியத்துக்கு ஆலோசகர்னு ஒன்னைப் போட்டுட்டாங்க. ஆண்டவர் காட்டின ஆளுன்னு கமிட்டியில சொன்னாங்களாம். காட்டத்தான் செஞ்சாரு. மத்தவங்க எல்லாரும் அன்னிக்குக் குனிஞ்சு செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தாங்க, நீ ஒருத்தன்தான் நிமிர்ந்து உக்காந்திருந்தே.

இப்ப எங்கிட்ட வந்து, "மாமா, இந்தக் காலத்துப் புள்ளைங்களை விசுவாசத்துல எப்படி வளர்க்கறது?"ன்னு கேக்கறே. நான் என்னத்தைக் கண்டேன்? வெண்ணாத்துத் தண்ணியும் வரப்புச் சண்டையும்தான் எனக்குத் தெரியும். ஆனா இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில அந்த வேலையைப் பார்த்துட்டுப் போன ஆளு ஒருத்தரு இருக்காரு. ஒனக்கும் தெரியும். ஞாயிறு பள்ளி நாடகத்துல தலையில பஞ்சை ஒட்டிக்கிட்டு ஒரு பய வந்து நிப்பானே, சுவார்ட்ஸ் ஐயர். அவரை அந்த நாடகத்தோட விட்டுட்டோம். மனுஷன் ஆளுங்களை எப்படி உருவாக்கினாருன்னு எவன் பார்த்தான்?

பொறந்தது 1726-ல, பிரஷ்யா தேசத்துல. ஹாலேங்கற ஊர்ல படிக்கறப்பவே தமிழ் வேதாகமம் அச்சடிக்கற வேலைக்காகத் தமிழைத் தொட்டுட்டாரு. 1750-ல மிஷனரியாத் தரங்கம்பாடி வந்து சேர்ந்தவரு நாலாவது மாசமே தமிழ்ல பிரசங்கம் பண்ணினாருன்னு எழுதி வச்சிருக்காங்க. ஒன் பேரன் பள்ளிக்கூடம் போயி நாலு வருஷம் ஆவுது, "தாத்தா, வயல்னா ஃபீல்டா?"ங்கறான். அது கெடக்கட்டும். அப்பறம் திருச்சினாப்பள்ளி. 1778-லேர்ந்து தஞ்சாவூர். 1798-ல இங்கயே கண்ணை மூடினாரு. கல்யாணம் காட்சி கெடையாது.

திருச்சியில அவரு இருந்த எடத்தைப் பார்த்த வெள்ளைக்காரரு ஒருத்தரு எழுதியிருக்காரு. பழைய கட்டடத்துல ஒத்தை அறை, கட்டிலைப் போட்டா ஆளு நிக்கத்தான் எடம். சாப்பாடு சோறும் காய்கறியும், நம்ம பக்குவத்துல. உடுப்பு கறுப்புச் சாயம் போட்ட பருத்தித் துணி. காலையில உபதேசிமாரைக் கூட்டி ஜெபம் பண்ணி ஆளுக்கொரு பக்கம் அனுப்புவாராம். சாயங்காலம் அவங்க திரும்பி வந்தா, எங்க போனே, யாரைப் பார்த்தே, என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னேன்னு பேச்சு. திட்டம்னா அதான் திட்டம்.

ஒன் பட்ஜெட்டுல ஏற்காட்டுக்கு ரெண்டு நாள் ரிட்ரீட்டு போட்டிருக்கே. ஏசி பஸ்ஸு, ஆளுக்கொரு டி-ஷர்ட்டு, அதுல 'சிலுவை சுமப்போம்'னு அச்சு. போயிட்டு வாங்க, வேணாங்கல. படகு சவாரி புள்ளைங்களுக்குப் பிடிக்கும். ஆனா அதுல ஒரு புள்ளையாவது ஒன் வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போயிருக்கா? கேட்டுல 'நாய் ஜாக்கிரதை'ன்னு ஒரு பலகை, பக்கத்துலயே வசனப் பலகை. புள்ளைங்க எதை நம்பும்?

சரி, சுவார்ட்ஸ் ஐயர் கையில வளர்ந்தவங்கள்ல மூணு பேரைச் சொல்றேன், ஒன் கட்டத்துல யாரு அடங்கறான்னு பாரு.

ஒருத்தரு கோலாஃப் ஐயர். தரங்கம்பாடி மிஷனரி மகன், 1762-ல பொறந்தவரு. சுவார்ட்ஸ் ஐயர்தான் வளர்த்துப் படிக்க வச்சாரு. 1787-ல குருப்பட்டம் ஆச்சு. 1844-ல சாவற வரைக்கும் இந்தத் தஞ்சாவூரைச் சுத்தியே சத்தமில்லாம வேலை பார்த்தாரு. இவரை வச்சு நாடகம் போட ஒண்ணும் இல்ல. இந்த மாதிரிப் புள்ளை ஒனக்கும் ஒண்ணு ரெண்டு கெடைக்கும். ஜமக்காளம் விரிக்கும், மைக் கட்டும், எல்லாரும் போனப்பறம் விளக்கை அணைச்சிட்டுப் போவும். பேரு ஒனக்கு இன்னும் தெரியாது. கேட்டு வச்சுக்க.

ரெண்டாவது ஆளு நம்ம வேதநாயக சாஸ்திரியார். 1774-ல பாளையங்கோட்டையில பொறந்த பையன். பன்னெண்டு வயசு வாக்குல அப்பாகிட்ட கேட்டுக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. இங்கயும் படிப்பு, தரங்கம்பாடியிலயும் படிப்பு. 1794-ல, வயசு இருபதை ஒட்டி இருக்கறப்ப, தஞ்சாவூர் வேதபாடசாலைக்குத் தலைமை உபாத்தியாயரா உக்கார வச்சுட்டாரு சுவார்ட்ஸ் ஐயர். இருபது வயசு, மாப்ளே! நம்ம சபையில முப்பத்தெட்டு வயசு ஆளு, ரெண்டு புள்ளைக்குத் தகப்பன், முன்னந்தலை ஏறிப்போச்சு, அவனை இன்னும் 'வாலிபர்'னுதான் கூப்புடறோம். பெரிய மனசு பண்ணி காணிக்கைத் தட்டு எடுக்க விட்டிருக்கோம். அதை எண்ணற வேலைக்கு மட்டும் அறுபது தாண்டியிருக்கணும்.

நீ பட்டணத்துல இருந்தவன், ஒனக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ. சம்பா நாத்து முப்பது முப்பத்தஞ்சு நாள்ல பறிச்சாகணும். நாத்தங்கால்ல பார்க்க அழகாத்தான் இருக்கும். பச்சைப்பசேல்னு நெருக்கமா நிக்கும், காத்தடிச்சா ஒண்ணா சாயும். அந்த அழகைப் பார்த்துட்டு, இன்னும் பத்து நாள் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் தேறட்டும்னு விட்டேன்னு வையி, முத்திப் போவும். அப்பறம் பறிச்சு நட்டாலும் தூர் கட்டாது, அவசரமா ஒரு கதிரை விட்டுட்டு நிக்கும். பறிக்கறப்ப வேரு அறுபடத்தான் செய்யும். நட்ட மூணாம் நாள் வயலைப் பார்த்தா மஞ்சளா வாடிப்போயி, செத்துருச்சோன்னு வயித்தைக் கலக்கும். பழகாத ஆளு அதைப் பார்த்துட்டுத் திரும்பப் பிடுங்கி நாத்தங்கால்லேயே சொருகப் பார்ப்பான். நம்ம சபையில அதைத்தானே பண்றோம்? ஒரு பையன் ஒரு தடவை பாடம் தப்பா வாசிச்சான்னா, அத்தோட அவன் கணக்கு முடிஞ்சுது. "இன்னும் முதிர்ச்சி வரல"ம்பாரு பெரியவரு. எங்கேர்ந்து வரும்? வாசிக்க விட்டாத்தானே வரும்?

அந்தப் பாளையங்கோட்டை நாத்தும் ஊரை விட்டுப் பறிச்சு நட்டதுதான், அப்பறம் கட்டின தூரைப் பாரு. குருவானவரு ஜெர்மன்காரரு, அவருக்குத் தெரிஞ்சது அவங்க ஊரு ராகம். பையன் அதையே திருப்பிப் பாடிட்டுப் போயிருக்கலாம், நல்ல புள்ளைன்னு பேரும் வாங்கியிருக்கலாம். இவரு என்ன பண்ணினாரு? 1800-ல பெத்தலகேம் குறவஞ்சி. கூடையை இடுப்புல வச்சுக்கிட்டுக் குறத்தி வந்து குறி சொல்ற பாட்டுக்குள்ள கிறிஸ்துவைக் கொண்டாந்து உக்கார வச்சாரு. ஞான ஏத்தப்பாட்டுன்னு ஒண்ணு. ஏத்தம் எறைக்கறவன் களைப்புத் தெரியாம எண்ணிக்கிட்டே பாடறானே, அந்த மெட்டு. ஞானத்தச்ச நாடகம்னு இன்னொண்ணு. களத்துமேட்டையும் கூத்துக் கொட்டகையையும் அப்படியே கோயிலுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டாரு.

இன்னிக்கு நம்ம பய ஒருத்தன் கிட்டாரைத் தூக்கிட்டு வந்தா, "கோயிலா, கச்சேரி மண்டபமா?"ன்னு கேக்கறோம். கேக்கறவரு எங்க நின்னுக்கிட்டு கேக்கறாரு தெரியுமா? ஆர்மோனியப் பொட்டி மேல கையை ஊணிக்கிட்டு. அது என்னமோ வெண்ணாத்துப் படுகையில மொளைச்சது மாதிரி! ஐரோப்பாவுலேர்ந்து கப்பல்ல வந்த சாமான்தானே அதுவும்? சரபோஜி ராஜா அரண்மனையில மேல்நாட்டு வாத்தியத்தை வச்சு பேண்டே வாசிச்சிருக்காங்க. தஞ்சாவூர் அதையெல்லாம் எப்பவோ கேட்டு முடிச்ச ஊரு. கிட்டார் வாசிக்கட்டும். சுதி சேர்த்துட்டு வாசிக்கச் சொல்லு, அது ஒண்ணுதான் என் வேண்டுதல்.

சரபோஜின்னு சொன்னேன்ல, அவருதான் மூணாவது ஆளு.

1787-ல தஞ்சாவூரை ஆண்ட துளஜா ராஜா சாகக் கிடக்கறாரு. ஒம்பது பத்து வயசுப் பையனைத் தத்து எடுத்துட்டு, சுவார்ட்ஸ் ஐயரைக் கூப்புட்டு, "இவனை நீங்க பார்த்துக்கங்க"ன்னு கையில கொடுக்கறாரு. ஐயரு என்ன சொன்னாரு தெரியுமா? நான் எப்பவாச்சும் ஒரு தடவைதான் வந்து பார்க்க முடியும், ஒங்க தம்பிகிட்ட ஒப்படைங்கன்னாரு. தம்பி அமர்சிங் ராஜாவானாரு, பையனை அடைச்சு வச்சு எழுத்துகூடக் கத்துக் கொடுக்காம விட்டாரு. பெரியவங்க யோசனைன்னா எப்பவும் பலிக்கும்னு நினைச்சுக்காதே மாப்ளே, என் யோசனையையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆனா ஐயரு, 'சொன்னேன், விதி அப்படி ஆயிடுச்சு'ன்னு வீட்டுல உக்காரல. மதராசுக்கு எழுதி, போராடி, 1793-ல பையனை அங்க கொண்டுபோயி, கெரிக்குங்கற மிஷனரி மேற்பார்வையில படிக்க வச்சாரு.

1798 பிப்ரவரியில ஐயரு போயிட்டாரு. அந்த வருஷம் ஜூன் கடைசியில சரபோஜிக்குப் பட்டம். நாலஞ்சு மாசம் தாங்கியிருந்தா கண்ணால பார்த்திருப்பாரு. ஒன் பைல்ல பன்னெண்டாவது வாரத்துக்கு 'கனி'ன்னு தலைப்பு வச்சிருக்கே, அதான் ஞாபகம் வந்துது.

இப்பக் கேளு. அந்த ராஜா கடைசி வரைக்கும் ஞானஸ்நானம் எடுக்கல. இந்துவாவே இருந்தாரு, காசி யாத்திரை போனாரு, 1832-ல இந்துவாவே செத்தாரு. சுவார்ட்ஸ் ஐயரு சொல்ல வேண்டியதைச் சொல்லாம இல்ல, சாவுப் படுக்கையிலயும் சொன்னாரு. கழுத்தைப் பிடிக்கல, அவ்வளவுதான். ஒன் பைல்ல 'ஆத்தும ஆதாயம், இலக்கு 25'ன்னு ஒரு பத்தி இருக்கே, அதுல இந்த ராஜாவை எங்க எழுதுவே? பூஜ்யம்னா?

எழுதறதுக்கு முன்னாடி தஞ்சாவூருக்கு ஒரு நடை போயிட்டு வா. பெரிய கோயில் பிராகாரச் சுவத்துல மராத்தியில நீளமா ஒரு கல்வெட்டு இருக்கு, ராஜாவோட போன்ஸ்லே வம்ச சரித்திரம். 1803-ல சரபோஜி வெட்ட வச்சது. பக்கத்துலயே சிவகங்கைப் பூங்கா. அதுக்குள்ள சுவார்ட்ஸ் ஐயர் 1779-ல கட்டின கோயிலு. உள்ள ஒரு பளிங்குச் சிற்பம். லண்டன்ல ஜான் ஃபிளாக்ஸ்மேன்னு பேரெடுத்த சிற்பியை வச்சுச் செதுக்கி வரவழைச்சது. செலவு ராஜாவோடது. ஐயரு படுக்கையில கெடக்காரு, ராஜா அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மூணு பேர் பக்கத்துல நிக்குதுங்க. கல்லறைக் கல்லுல இருக்கற ஆங்கிலக் கவிதையும் ராஜாவே எழுதினதும்பாங்க. அடக்கத்தன்னிக்குப் பெட்டியை மூடறதுக்கு முந்தி ஒரு தடவை முகத்தைப் பார்க்கணும்னு ராஜா வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க, வந்து அழுதாரு. கண்ணந்தங்குடியில ஏழைக் கிறிஸ்தவங்களுக்குத் தர்மமும் வச்சாரு.

ஒரே ராஜா, ரெண்டு கல்லு. நடந்து போற தூரம். எந்தக் கட்டத்துல டிக் அடிக்கலாம்னு அங்க நின்னு யோசி. எனக்குத் தெரியல, ஆண்டவர் நோட்டுல எப்படி எழுதியிருக்காரோ.

பைல்ல பவுலையும் தீமோத்தேயுவையும் ரெண்டு பக்கத்துக்குப் போட்டிருக்கே. எல்லாரும் போடறதுதான். மாற்குன்னு ஒரு பையன் இருந்தானே, பாதி வழியில விட்டுட்டு வீட்டுக்கு ஓடினவன்? அவன் வந்தா நான் வரலன்னு பவுல் ஒரே பிடியா நின்னாரு. பர்னபாதான் கூட்டிக்கிட்டுக் கப்பல் ஏறினாரு. வயசான காலத்துல அதே பவுல், மாற்கைக் கூட்டிட்டு வா, எனக்கு உதவியா இருப்பான்னு எழுதறாரு. மூணாவது வாரத்தோட வராம போவான் பாரு ஒருத்தன், அவன் பேரை அடிக்கறதுக்கு முந்தி ஒரு தடவை அவன் வீட்டு வாசல்ல போயி நில்லு. பிரசங்கம் வேணாம். மழை எப்ப வரும்னு கேட்டுட்டு வந்துடு.

காசு விஷயத்துக்கு வர்றேன். மூஞ்சியைச் சுருக்காதே.

ஐதர் அலி படை இந்தச் சீமையைச் சுட்டுப் பொசுக்கின சமயம், 1780-களோட ஆரம்பம். தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ள பஞ்சம். வெளியில கிராமத்துல நெல்லு இருக்கு, கொண்டு வர மாடு இருக்கு, ஆனா எவனும் கொண்டு வரல. ஏன்னா முன்ன கொண்டு வந்தவனுக்கு எவனும் காசு கொடுக்கல. ராஜா கூப்புட்டாரு, வெள்ளைக்காரக் கம்பெனி கூப்புட்டுது, ஒருத்தனும் அசையல. கடைசியில சுவார்ட்ஸ் ஐயரு, காசுக்கு நான் ஜவாப்புன்னு தன் கைப்பட எழுதி ஊரூரா அனுப்பினாரு. மாடும் வந்துது, நெல்லும் வந்துது. வந்தவனுக்கெல்லாம் எண்ணிக் கொடுத்தாரு. பின்னாடி வரிக் கொடுமை தாங்காம ஊரை விட்டு ஓடின குடியானவங்களும் அவரு வார்த்தையை நம்பித் திரும்பி வந்தாங்க, ஏழாயிரம் பேர்னு எழுதி வச்சிருக்காங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க கிறிஸ்தவங்களே கெடையாது. அவரு பிரசங்கத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டான். கொடுத்த வாக்குக்குக் காசு வந்துதா இல்லியான்னு மட்டும் பார்த்தான்.

நம்ம ஊர்ல போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரத்து நூறு ரூபாய்க்குப் போச்சு, பூசணிக்காய் அதுக்கு மேல. வாலிபர் ஐக்கியப் புள்ளைங்கதான் வேகாத வெயில்ல வீடு வீடாப் போயி நெல்லும் தேங்காயும் வாழைத்தாரும் சுமந்துட்டு வந்துதுங்க. அந்தக் காசு எங்க போச்சுன்னு இன்னிய வரைக்கும் ஒரு வார்த்தை யாரும் அதுங்களுக்குச் சொல்லல. கேட்ட பையனை, "விசுவாசம் இருந்தா கணக்குக் கேக்க மாட்டே"ன்னு ஒரு பெரியவரு அடக்கிட்டாரு. வேத வசனம் மாதிரியே சொன்னாரு, நானே ஒரு நிமிஷம் எந்த அதிகாரம்னு தேடிப் பார்த்தேன். இதுக்கப்பறம் நீ ஆறாவது வாரம் 'உண்மை'ன்னு வகுப்பு எடுக்கப் போறே. எடு எடு.

பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஒன் திட்டத்துல என்ன வேலைன்னு தேடினேன். வரவேற்பு நடனம், பூங்கொத்து, டீ. பாளையங்கோட்டைச் சபையோட 1780-ஆம் வருஷப் பதிவேட்டுல நாப்பது பேரு, மொதப் பேரு கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. ஒரு வெள்ளைக்கார அதிகாரிகூட இருந்தாங்கங்கறதால சுவார்ட்ஸ் ஐயரே ரொம்ப நாள் ஞானஸ்நானம் கொடுக்காம தட்டிக் கழிச்சாரு, 1778-லதான் கொடுத்தாரு. அந்தம்மா அவருக்காகக் காத்துக்கிட்டு இருக்கல, தானே ஆளைச் சேர்த்துக் கோயிலையும் கட்டிடுச்சு. சாஸ்திரியாரும் வளர்ப்பு மகள் ஞானதீபத்தைத்தான் பாட்டுல பழக்கித் தேத்தினாரு. டீயை நான் நிறுத்தச் சொல்லல, பையன்களைப் போடச் சொல்லு.

கடைசியா ஒண்ணு இருக்கு. இதை ஒன் அத்தை இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்லணும்னு வச்சிருந்தேன், அவ தம்பி மகன் கல்யாணப் பேச்சு நடக்குது.

அந்தக் காலத்துல தஞ்சாவூர்க் கோயில்ல சாதிக்கு ஒரு பக்கமா உக்காருவாங்க. சுவார்ட்ஸ் ஐயருக்கு அது பிடிச்சுதான்னு கேட்டா, பிடிக்கல. ஆனா பொறுத்துக்கிட்டாரு. காலப்போக்குல தானா கரைஞ்சிடும்னு அவரு மாதிரி நிறைய மிஷனரிமார் நினைச்சாங்க. நல்ல மனுஷன், கோவப்பட நேரமில்ல, ஊர்ல சண்டை, பஞ்சம், ராஜா வீட்டு வம்பு. விட்டுட்டாரு.

அப்பறம் புது மிஷனரிமார் வந்தாங்க. அவங்க ஒரேயடியா எல்லாத்தையும் மாத்தப் பார்த்தாங்க. வேதாகமத் தமிழைத் திருத்தினாங்க, கல்யாணத்துலயும் சாவுலயும் பூ வேணாம்னாங்க, தமிழ்ப் பாட்டைக் கொறைச்சாங்க, சாதி பார்க்காம ஒண்ணா உக்காந்து நற்கருணை எடுக்கணும்னாங்க. சாஸ்திரியாரு நாலையும் எதிர்த்தாரு. பாட்டுக்காகவும் பூவுக்காகவும் அவரு சண்டை போட்டதுக்கு நான் கையெடுத்துக் கும்புடுவேன். ஆனா நாலாவது? 1829-ல 'சாதி திருத்தலின் பயித்தியம்'னு எழுதினாரு. சாதியைத் திருத்தப் பார்க்கறது பைத்தியக்காரத்தனமாம். ஏத்தக்காரன் மெட்டுல கிறிஸ்துவைப் பாடின அதே கை, அந்த ஏத்தக்காரன் பக்கத்துல உக்கார மாட்டேன்னு எழுதுது. வேலையும் போச்சு. 1833-ல பிஷப் வில்சன், சபைக்குள்ள சாதியே கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. தஞ்சாவூர்ல ஒரே கலகம், நிறைய குடும்பம் கோயிலை விட்டே எழுந்து போச்சு.

நான் சாஸ்திரியாரை மட்டும் குத்தம் சொல்லிட்டுப் போவ மாட்டேன். அவரு எங்கேர்ந்து கத்துக்கிட்டாரு? சுவார்ட்ஸ் ஐயரு மேடையில என்ன சொன்னாரோ அதைக் கத்துக்கிட்டாரு, சரி. அவரு பார்த்தும் பார்க்காம விட்டதையும் கத்துக்கிட்டாருல்ல? குரு பொறுத்துக்கிட்டதைச் சீஷன் கொள்கையாக்கிட்டாரு. எங்க குருவே ஒண்ணும் சொல்லலியே, நீ யாரு சொல்றதுக்குன்னு கேக்கறதுக்கு அவருக்கு வாய் இருந்துது. செத்துப் போன மனுஷன் எழுந்து வந்தா பதில் சொல்லுவாரு?

ஒன் பன்னெண்டு வாரத்துல இது எங்கயும் இல்ல. நீ ஒண்ணாவது வாரத்துலேர்ந்து பேசறதைப் புள்ளைங்க பாதிதான் கேக்கும். மிச்ச நேரம் ஒன்னையும் என்னையும்தான் பார்த்துக்கிட்டு இருக்கும். சில ஊர்ல கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சாதிச் சுவர் இருக்கு, உயிர்த்தெழுதல்ல எந்தப் பக்கம் முதல்லன்னு ஒரு சின்னப் பய கேட்டான். பதில் சொல்ல வேண்டியவங்க எல்லாம் சட்டைப்பையில மாத்திரையைத் தேடினாங்க. நம்ம கிறிஸ்தவப் பத்திரிகையில கல்யாண வரன் விளம்பரம் படிக்கறியா? 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஜெபிக்கும் மணமகள் தேவை', அப்பறம் அடைப்புக்குறிக்குள்ள என்ன சாதின்னு. மறுபடியும் பொறந்தாச்சாம், அதே தெருவுல பொறந்தாச்சு போல. ஒங்க அத்தை தம்பி மகனுக்கு எழுதின விளம்பரமும் இப்படித்தான் இருக்கு. எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னா, நான் அந்த அடைப்புக்குறியைப் பிழைன்னு அடிச்சேன். ரெண்டு நாளா எனக்குக் காப்பியில சர்க்கரை இல்ல.

இந்தச் சுவரைப் பத்தி நீ வகுப்பு எடுக்கணும்னு சொல்லல. அந்தப் புள்ளைங்க கேட்டா மாத்திரையைத் தேடாம இரு. ஒன் மகளுக்கு வரன் பார்க்கறப்ப எந்த வரியைக் கேட்டே, எந்த வரியை விட்டேன்னு அதுங்களுக்குத் தெரியும், ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

இப்ப நீ போயிப் பண்ண வேண்டிய வேலை ரெண்டே ரெண்டு. வர்ற ஞாயித்துக்கிழமை பழைய ஏற்பாட்டுப் பாடத்தை மேலத்தெருப் பொண்ணு ஒருத்தி வாசிக்கட்டும், பேரு நிறைய வர்ற அதிகாரமாப் பார்த்துக் கொடு, தடுமாறினா சிரிக்கற பெரியவங்க யாரு யாருன்னு குறிச்சு வச்சுக்க. அப்பறம் போன வருஷ அறுப்பின் பண்டிகைக் கணக்கு நோட்டைப் பொருளாளர்கிட்ட கேட்டு வாங்கி, அந்த முப்பத்தெட்டு வயசு 'வாலிபன்' கையில கொடுத்து, சபை நடுவுல நின்னு வாசிக்கச் சொல்லு. எலுமிச்சம்பழத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும்.

மூப்பர்மாருக்குக் கோவம் வரும், என்னைத்தான் பஞ்சாயத்துக்குக் கூப்புடுவாங்க. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல் அடிக்கும்னு இப்பவே சொல்லி வச்சிடு.